மதகைத் திறப்பவர் பெயர் சொல்லுங்கள்!

2015 டிசம்பர் முதல் தேதி இரவை இந்தச் சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் மறந்தவர் எவர்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அடையாற்றில் விநாடிக்கு 29,000 கன அடி நீர். ஆறு வீடுகளுக்குள் புகுந்தது. "நூறாண்டு காணாத மழை" என்றார்கள். மழை பெய்தது உண்மைதான். ஆனால் 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, அதை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. மனிதர் என்றால் எந்த மனிதர்? எந்த நாற்காலி?

கேட்டுப் பாருங்கள். ஏரியும் ஆறும் நீர்வளத் துறையிடம். தெரு வடிகால் மாநகராட்சியிடம். நெடுஞ்சாலை வடிகால் நெடுஞ்சாலைத் துறையிடம். கழிவுநீர் குடிநீர் வாரியத்திடம். கட்டட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். பட்டா வருவாய்த் துறையிடம். தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒரே ஓட்டமாக வருகிறது. நிர்வாகம் ஆறு கோப்புகளாகப் பிரிந்து கிடக்கிறது. இடுப்பளவு நீரில் நிற்பவன் எந்தக் கதவைத் தட்டுவான்?

49 சென்டிமீட்டர் மழையை எந்த ஊரும் தாங்காது என்பார்கள். அதற்கும் பதில் சொல்கிறேன். செம்பரம்பாக்கத்தின் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கோடைக் குடிநீருக்காக ஏரியை நிரப்பியும் வைக்க வேண்டும். புயல் மழைக்கு இடமும் விட வேண்டும். கடினமான முடிவுதான், ஒப்புக்கொள்கிறேன். கடினமான முடிவு என்பதால்தான், அதை எடுப்பவர் தம் பெயரோடும் காரணத்தோடும் எடுக்க வேண்டும் என்கிறோம்!

வடிகால் கட்டியிருக்கிறோமே என்கிறார்கள். வடிகால் தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடும்? தென்சென்னையின் வெள்ளம் பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயைச் சேர்ந்து, கோவளத்தில் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பின் பெரும்பகுதி இன்று இல்லை. குடிசைவாசியா அதை விழுங்கினான்? பெருங்குடியில் குப்பை கொட்டியது மாநகராட்சி. பக்கிங்காம் கால்வாய்க்குள் பறக்கும் ரயிலுக்குத் தூண் இறக்கியது அரசு. மிஞ்சிய சதுப்புக்கு 2022-இல் சர்வதேச ஈரநிலங்களுக்கான ராம்சார் தகுதி வந்தது. இருந்தும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன.

ஆனால் "ஆக்கிரமிப்பாளர்" என்ற பட்டம் யாருக்குக் கிடைத்தது? இந்த ஆற்றங்கரையில் குடியிருந்த நம் அண்டை வீட்டாருக்கு! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே சதுப்பின் ஓரத்தில். வேலையும் போயிற்று, பிள்ளைகளின் பள்ளியும் போயிற்று. வெள்ளம் மட்டும் கூடவே வந்தது. நீர்வழியில் எழுந்த மாடிக் கட்டடங்களுக்கு அனுமதி கொடுத்த கையெழுத்துகளோ பத்திரமாக இருக்கின்றன.

நம் கோரிக்கைகள் நான்கு. அடையாற்று வடிநிலம் முழுமைக்கும் சட்டப்படி பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரே அமைப்பு வேண்டும். ஏரி மதகு திறக்கும் விதிகளை அச்சிட்டு, எத்தனை கன அடி விட்டால் எந்தத் தெருவுக்கு நீர் வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். 2021 வெள்ளத்துக்குப் பின் அமைக்கப்பட்ட திருப்புகழ் குழுவின் பரிந்துரைகளில் எவை நிறைவேறின என்று வார்டு வாரியாக எழுதி ஒட்ட வேண்டும். நீர்நிலையில் அனுமதி வழங்கியவர்கள் மீது முதலில் நடவடிக்கை எடுத்து, ஏழையின் கூரை மீது கை வைப்பதை நிறுத்த வேண்டும்.

2022-இல் வந்த நகர உள்ளாட்சி விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் பகுதி சபை கூட வேண்டும். அந்தச் சபையில் எழுந்து நின்று இந்த நான்கையும் தீர்மானமாக்குங்கள். கவுன்சிலரிடம் நகல் கேளுங்கள், கையெழுத்து வாங்குங்கள். ஐப்பசி மழைக்கு முன் பதில் வராவிட்டால் மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் நின்று கேட்போம். குடும்பத்தோடு வாருங்கள்!