மலாக்காவின் பழைய தெருக்களும் ஆலயச் சொத்தும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பூச்சோங்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் மலாக்கா நகரம் உள்ளது. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் அங்குச் சென்று, செந்நிறக் கட்டடத்தின் முன் நிழற்படம் எடுத்துக்கொள்ளாத குடும்பம் அரிது. ஆயினும் ஆற்றைக் கடந்து, பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும் ஜாலான் துக்காங் ஏமாஸ் வரை நடந்தவர்கள் சிலரே. அங்கேதான் அருள்மிகு பொய்யாத விநாயகர் எழுந்தருளியிருக்கின்றார். டச்சுக்காரர் ஆட்சியில் செட்டி சமூகத் தலைவர் தெய்வநாயகம் செட்டியிடம் அளிக்கப்பெற்ற நிலத்தில் 1781-ஆம் ஆண்டு எழுந்த திருக்கோயில் அது. அதே வீதியில் 1748-இல் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலும், சற்றே அப்பால் 17-ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் நிற்கின்றன.

2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனுடன் இணைத்து மலாக்காவையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த நாளிலிருந்துதான் பழைமைக்குக் காவல் பிறந்தது என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. காவல் அதற்கு முன்னரே, ஓர் இடுகாட்டில் தொடங்கியது.

புக்கிட் சீனா என்பது ஒரு குன்று. 12,000-க்கும் மேற்பட்ட கல்லறைகள் உடையது. 17-ஆம் நூற்றாண்டில் சீனக் காப்பித்தான் ஒருவர் அதனைத் தம் சமூகத்தாருக்கென எழுதிவைத்தார். 1984-இல் மாநில அரசு அக்குன்றை வெட்டிச் சமப்படுத்தி வணிக வளாகமும் வீடுகளும் அமைக்கத் திட்டம் வகுத்தது. செங் ஹூன் தெங் அறங்காவலர்கள் இணங்கவில்லை. அவர்களிடம் ஏறத்தாழ 20 லட்சம் வெள்ளி நிலவரி பாக்கி கேட்கப்பட்டது. அதற்கும் அவர்கள் அசையவில்லை. நிலம் சமூகத்தினுடையது, தாங்கள் காவலர்களேயன்றி உரிமையாளர் அல்லர் என்பதே அவர்களது நிலை. நாடெங்கும் கையெழுத்துகள் திரண்டன. குன்று தப்பியது. அச்சீனக் கோயிலின் அறக்கட்டளைக்கென 1949-லேயே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்தமையை இங்கே மறத்தல் ஆகாது. உணர்ச்சியோடு ஆவணமும் கையில் இருந்தது. 1988-இல் மாநிலச் சட்டமன்றமே பண்பாட்டு மரபுடைமையைப் பாதுகாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

செட்டி சமூகத்தாரின் கதையும் இத்தகையதே. சுல்தான்கள் காலத்தில் வணிகம் செய்ய வந்த தமிழர், இந்நாட்டுப் பெண்டிரை மணந்து இங்கேயே தங்கினர். அவர்தம் வழித்தோன்றல்கள் இல்லத்தில் பேசுவது மலாய். பெண்கள் அணிவது சாரோங் கெபாயா. தமிழ் நாவிலிருந்து நழுவியது. திருநீறு நெற்றியிலிருந்து நழுவவில்லை. காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டியில் 1822-இல் எழுந்த முத்துமாரியம்மன் ஆலயத்தில் ஆண்டுதோறும் மே மாதம் டத்தோ சாச்சார் விழா நடைபெறுகின்றது. அம்மை நோய் தீர்த்த அன்னைக்குச் செலுத்தும் நன்றிக்கடன் அது. அந்நாளில் வெளியூர்களில் வாழ்வோரும் ஊர் திரும்புகின்றனர்.

அவ்வாறு திரும்புவதற்கு ஓர் ஊர் எஞ்சியிருப்பது எதனால்? குடியிருப்பின் நிலம் பொய்யாத விநாயகர் ஆலய அறக்கட்டளைக்குரியது என்பதனால். விநாயகர் ஆலயத்தின் அன்றாடப் பணிகளை நாட்டுக்கோட்டை நகரத்தார் ஏற்று நடத்திவரினும், உரிமை செட்டி சமூகத்தாரிடமே உள்ளது. ஆயினும் வேலிக்கு அப்பாலுள்ள நிலம் பிறருடையது. 2014-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே உயர்மாடிக் குடியிருப்பும் தங்கும் விடுதியும் எழுப்பும் திட்டம் வந்தபோது, எண்ணிக்கையில் சிறிய அச்சமூகம் வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவிக்க நேர்ந்தது.

பழைய தெருக்களுக்கு நேர்ந்தது வேறு. 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்திய கட்டடங்களில் குறைந்த வாடகையில் குடியிருக்க வழி செய்தது. வீட்டுக்காரருக்கு அது இழப்பு. பழுது பார்க்கவும் மனம் வரவில்லை. ஆயினும் குடிகள் நிலைத்தனர். 1997-இல் நீக்கம் விதிக்கப்பெற்று, 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது அக்காப்பு முற்றும் அகன்றது. வாடகை உயர்ந்தது, பழங்குடிகள் பலர் வெளியேறினர். அவர்கள் இருந்த இடங்களில் நினைவுப் பொருட்கடைகளும் விடுதிகளும் பெருகின. முகப்பு பளபளக்கின்றது, மாலையில் விளக்கேற்ற அண்டை வீட்டார் இல்லை. சுவரைக் காக்கும் சட்டம் குடியைக் காப்பதில்லை போலும்!

பூச்சோங் அன்பர்களுக்கு இது அயலூர்ச் செய்தியன்று. ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் சூழ்ந்திருந்த வட்டாரம் இது. சிலாங்கூரின் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிய காலத்தில், லயத்து மக்கள் கட்டிய ஆலயங்கள் பலவற்றுக்குத் தம் பெயரில் நிலமில்லை. தோட்டம் கைமாறியதும் ஆலயமும் இடம்பெயர வேண்டியதாயிற்று. சில இடங்களில் மாற்று நிலம் கிடைத்தது. சில இடங்களில் அதற்கே நெடுநாள் அலைய நேர்ந்தது.

ஆதலின் திருப்பணிக்கு நிதி திரட்டும் குழுவினர், கோபுரத்து வண்ணத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் அலமாரியைத் திறத்தல் நன்று. நிலப்பட்டா எவர் பெயரில் உள்ளது? நிலவரிச் சீட்டுகள் ஆண்டுவாரியாக இருக்கின்றனவா? பழைய கூட்டக் குறிப்பேடுகள் கறையானுக்கு இரையாகிவிட்டனவா? தோட்டத்து ஆலயத்தை முதன்முதல் எழுப்பியோரை அறிந்த மூத்தோர் எத்தனை பேர் இன்னும் நலமுடன் இருக்கின்றனர்? அவர்களை இத்திருவிழா நாட்களிலேயே அமரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அன்னதானப் பந்தியில் அவர்கள் எப்படியும் வந்து அமர்வார்கள்.