துணை விமானியின் குரல்

(பூனாகலையில் ஆற்றிய உரை)



தேயிலைத் தோட்டத்திலே விமானிகளைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். இருக்கிறது. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போகும் நம் பெண்கள் விமானத்திலேதான் போகிறார்கள். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள், இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு கட்டுநாயக்கவை நோக்கி வந்த டச்சு விமானம், தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துத் தாழ இறங்கி, நமது மலையகத்தின் ஏழு கன்னியர் மலையிலே மோதிற்று. 191 பேர் மாண்டனர், ஒருவரும் மிஞ்சவில்லை.

விமானத்தின் முன்னறையில் தலைமை விமானி, துணை விமானி என இருவர் உளர். ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிக்கிறார். உயரத்தையும் வேகத்தையும் வாய்விட்டுச் சொல்லுகிறார். பட்டியலைப் படித்துச் சரிபார்க்கிறார். இது வெறும் சடங்கன்று. ஒருவர் கண் தவறினால் மற்றவர் கண் காக்கட்டும் என்னும் ஏற்பாடு.

ஆனால், கண்டவன் சொன்னால் மட்டும் போதுமா?

2010 மே 22 அன்று துபாயிலிருந்து 166 பேருடன் வந்த விமானம், குன்றின்மேல் அமைந்த மங்களூர் ஓடுபாதையை அளவுக்கு மீறிய உயரத்தில் நெருங்கிற்று. தலைமை விமானி வழியிலே நெடுநேரம் உறங்கி விழித்தவர். “இறங்க வேண்டாம், மேலெழுந்து சுற்றி வருவோம்” என்று துணை விமானி மும்முறை எச்சரித்தார். பயனில்லை. 158 உயிர்கள் போயின. எச்சரித்தவர் தாமே விமானத்தை மேலெழுப்பாதது ஏன்? அந்த அதிகாரம் துணை விமானிக்கு உண்டா என்பதில் விதிகள் தெளிவாக இல்லாமையே காரணமாகலாம் என்றது விசாரணை மன்றம். குரல் இருந்தது; குரலுக்கு அதிகாரம் இல்லை!

2020 ஆகஸ்ட் 7 அன்று, கொட்டும் மழையில், கோழிக்கோட்டில் மற்றொரு விமானம் ஓடுபாதையைக் கடந்து விழுந்தது. 21 பேர் மாண்டனர். மறுநாட் காலை அங்கிருந்து புறப்படும் விமானத்தையும் அதே தலைமை விமானியே ஓட்ட வேண்டியிருந்தது. எப்படியும் அங்கேயே இறங்கிவிட வேண்டும் என்னும் எண்ணத்தை அது அவருக்கு ஊட்டிற்று என்றும், அங்கே போதிய தலைமை விமானிகளை வைக்காதது கம்பெனியின் தவறு என்றும் விசாரணை அறிக்கை கூறிற்று. பழி விமானியோடு முடிவதில்லை என்பதை இங்கே காண்க.

ஆகவேதான் விமானிகள் கேட்கிறார்கள்: சுற்றி வந்தவனிடம் எண்ணெய்க் கணக்குக் கேட்டுத் துன்புறுத்தாதீர், ஓய்வு நேரத்தை வெட்டி வேலை அட்டவணை போடாதீர், குறையை எடுத்துரைப்பவனைத் தண்டியாதீர், இளையவன் எச்சரிக்கையை மூத்தவன் புறக்கணித்தால் அடுத்து என்ன செய்வது என்பதை ஐயத்துக்கு இடமின்றி எழுதி வையுங்கள்.

“அப்படியானால் தலைவனுக்கு மதிப்பேது?” என்பர் சிலர். இறுதி முடிவு ஒருவரிடம் இருக்கத்தான் வேண்டும், நாம் மறுக்கவில்லை. ஆனால் சுற்றி வருவதால் இழப்பது சில நிமிடமும் சிறிது எண்ணெயும். வராததால் இழந்தது 158 உயிர்! இளையவன் சொல் கேட்டுச் சுற்றி வந்த தலைவனை எவரும் இகழார்.

தோழர்களே, இது வானத்துக்கு மட்டும் உரிய பாடமா? நமக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தையை நினையுங்கள். அம்மண் சரியும், மக்களை அகற்றுங்கள் என்று 2005இலும் 2011இலும் ஆராய்ச்சி நிறுவனத்தார் எச்சரித்தனர். 2014 அக்டோபர் 29 அன்று மலை சரிந்து லயங்களை மூடிற்று. அங்கேயும் குரல் இருந்தது. குரலைச் செயலாக்கும் கை இல்லை.

எச்சரிப்பவனுக்கு நன்றி கூறுவது எளிது. அவன் எச்சரித்தால் வேலை நிற்கும், ஆட்கள் அகற்றப்படுவர், அவனுக்குத் தீங்கு நேராது என்று விதி செய்வதே கடமை. விமானிகள் கேட்பது அதுவே. மலைச்சரிவில் வாழும் நாம் கேட்க வேண்டியதும் அதுவே.