கமக்காரனும் துவக்கும்

புத்தூர் என்றதும் நிலாவரைக் கேணியும், அதனைச் சூழ்ந்த செம்மண் தோட்டங்களும் நினைவுக்கு வரும். வெங்காயமும் புகையிலையும் விளையும் அத்தோட்டங்களைக் காப்பதற்கு வேலியும் விழிப்பும் போதும், துவக்கு வேண்டியதில்லை. ஆனால், குடாநாட்டில் நிலம் போதாமையால் ஆனையிறவைக் கடந்து, இரணைமடுக் குளத்தின் கீழும் வன்னிக் காட்டின் ஓரத்திலும் வயல் செய்யப் போன கமக்காரர் பலர். அங்கே ஒரு பருவத்து உழைப்பை ஓர் இரவில் கிளறி எறிந்துவிடும் காட்டுப் பன்றி. பரண்மீது விழித்திருப்பவனுக்குத் துவக்கு ஒரு துணை. அத்துணை நம்பத்தக்கதா என்பதே இன்றைய வினா.

கையில் பணங் குறைந்தவன் நாடியது இடியன் துவக்கு. கரிமருந்தையும் சன்னத்தையும் குழல்வாய் வழியே இட்டு, கோலால் இடித்து இறுக்குவதனால் அதற்கு அப்பெயர் பொருந்தியது. விலை குறைவு, தோட்டா வாங்குஞ் செலவும் இல்லை. ஆயினும் மாரிகாலத்து ஈரம் மருந்தில் ஏறினால் அது வெடிக்க மறுக்கும். முன்னைய வெடியின் கரி, தீப்பொறி செல்லும் நுண்துளையை அடைத்துவிட்டாலும் அவ்வாறே. பன்றி வயலில் நிற்கும். துவக்கோ ‘டக்’ என்ற ஓசையோடு அடங்கிவிடும்.

வெடியாத துவக்கினால் நெல் மட்டுமே போகும். அதன் பின் நிகழும் பிழையினாலேதான் உயிர் போகிறது. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை எனக் கண்டவன் குழலைத் தன் முகத்துக்கு நேரே திருப்பிப் பார்க்கிறான். உள்ளே கனன்றுகொண்டிருந்த மருந்து அப்போது வெடிப்பதுண்டு. அன்றேல், முன்னர் இட்ட மருந்து உள்ளே இருப்பதை மறந்து, அதன்மேல் மீண்டும் ஒரு முறை இடித்து இறுக்குகிறான். அடுத்த வெடியிலே குழலே பிளந்துவிடலாம்.

இதனைக் கல்லாதவர் பிழையென்று தள்ளிவிட இயலாது. 1863ஆம் ஆண்டில், அமெரிக்க உள்நாட்டுப் போரின் கெற்றிஸ்பேர்க் களத்திலே பொறுக்கியெடுக்கப்பட்ட துவக்குகள் 27,000க்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 12,000 துவக்குகளில் மருந்து இருமுறை இடப்பட்டிருந்ததாம். பயிற்சி பெற்ற போர்வீரருக்கே பதற்றத்தில் நேர்ந்த மறதி அது. நள்ளிரவில், பரண்மேல், தனியனாய் இருக்கும் கமக்காரனுக்கு நேராதா?

சற்றுக் கூடிய விலை கொடுத்தவர் பின்புறம் மடித்துத் தோட்டா இடும் ஒற்றைக்குழல் துவக்கை வாங்கினர். அது பெரிதும் நம்பத்தக்கது, எனினும் குறையற்றதன்று. பழைய கடதாசித் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதி, குழலுட் புகாமலும், வெடித்தபின் வெளிவராமலும் தொல்லை கொடுத்தன. மலிவாகக் கிடைத்த பழந்துவக்குகள் சில கரிமருந்துக்கெனவே செய்யப்பட்டவை. அவற்றிலே அழுத்தம் மிக்க புதுத் தோட்டாவை இடுவது பேராபத்து.

துவக்கின் விலையிலே இரும்பும் மரமும் மட்டும் அடங்குவதில்லை, சோதனையும் அடங்கும். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1813ஆம் ஆண்டு முதல் ஒரு சோதனைச் சாலை உண்டு. வழக்கத்திலும் மிகுந்த மருந்தை இட்டு வெடித்துப் பார்த்து, தாங்கிய குழலுக்கே அங்கு முத்திரை பொறிப்பர். களவாகச் செய்யப்படும் நாட்டுத் துவக்குக்கு அம்முத்திரை ஏது? அதனை முதன்முதலிற் சோதித்துப் பார்ப்பது, வாங்கியவனுடைய கையும் கண்ணுமே.

இவை எல்லாவற்றிலும் மலிவானது கட்டுத்துவக்கு. பன்றி செல்லும் தடத்தில் துவக்கைக் கட்டி, குறுக்கே ஒரு நூலை இழுத்துவிட்டு, உடையவன் வீட்டிலே உறங்குகிறான். அந்நூலுக்குப் பன்றியின் காலும் அயலவன் காலும் ஒன்றே. விறகு தேடிச் சென்றவரும், தேன் எடுக்கச் சென்றவரும் முழங்கால் சிதைந்து வைத்தியசாலைக்கு வந்து சேர்வது இந்நாட்டில் இன்றும் தீராத துயரம். ஓர் ஏழையின் நெல்லைக் காக்க வைத்தது, இன்னோர் ஏழையின் காலைப் பறிக்கிறது.

இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம், துவக்கு வைத்திருப்போர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டும் என விதித்தது. அது வெறுங் கடதாசி அன்று. இக்கருவிக்குப் பொறுப்பாளி இன்னார் என்று ஊருக்கு அறிவிக்கும் சான்று. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது தென்னிலங்கையில் வீடுகளிலிருந்த வேட்டைத் துவக்குகள் பறிக்கப்பட்டு, உடையவர் எண்ணியிராத காரியத்துக்குப் பயன்பட்டன. வடபுலமோ 2009 வரை நீடித்த போரிலே, துவக்கின் ஓசையை வேண்டுமளவுக்கு மேலும் கேட்டுவிட்டது.

ஆதலால், துவக்கு வைத்திருக்கும் கமக்காரன் சில நெறிகளைக் கைக்கொள்ளல் வேண்டும். வெடியாத துவக்கின் வாயை ஆளில்லாத திசையிலே பிடித்து, ஒரு நிமிடமேனும் பொறுத்திருத்தல். வெடித்த பின் குழலைத் துடைத்து எண்ணெய் இடுதல். தோட்டாவை ஈரம் படாமலும் பிள்ளைகள் கைக்கு எட்டாமலும் பூட்டி வைத்தல். இருளில் அசைவதெல்லாம் பன்றியென்று எண்ணாதிருத்தல். இவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை, பொறுமையே வேண்டும். அப்பொறுமை இல்லாதவன் கையில் விலையுயர்ந்த துவக்கும் நம்பத்தக்கதன்று. போன நெல்லை அடுத்த போகத்தில் விளைவிக்கலாம். போன காலையும் கண்ணையும் எந்தப் போகத்தில் விளைவிப்பது?