சாகும் மனிதனுக்குச் சுயமரியாதை வேண்டாமா?

(கொடைக்கானலில் நடந்த கூட்டத்தில் நாம் பேசியதன் சாரம்)



பனி கொட்டுகிற இந்த இரவில் போர்வையைப் போர்த்திக் கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்களிடம் சாவைப் பற்றிப் பேசலாமா என்று ஒரு தோழர் நம்மைக் கேட்டார். அவச்சொல் பேசினால் பலித்துவிடும் என்று அவர் வீட்டில் சொன்னார்களாம். வாய்ச் சொல்லுக்கு அவ்வளவு சக்தி இருக்குமானால், "நோயே போ" என்று சொன்னதும் நோய் போயிருக்க வேண்டுமே! போகக் காணோம். ஆகவே பேசுவதால் சாவு வந்துவிடப் போவதுமில்லை; பேசாதிருப்பதால் அது நின்றுவிடப் போவதுமில்லை.

நாம் பேச வந்த விஷயம் இதுதான். புற்றுநோய் முற்றி, இனிக் குணமாகாது என்று ஏற்பட்டுவிட்ட ஒரு மனிதனுக்கு, இனி எந்த வைத்தியம் செய்வது, எதை நிறுத்துவது, கடைசி நாட்களில் எங்கே இருப்பது என்று தீர்மானிக்கிற உரிமை யாருடையது? டாக்டருடையதா? மகனுடையதா? அல்லது அந்த உடம்புக்குச் சொந்தக்காரனுடையதா?

புற்றுநோய் என்றாலே சாவு என்று நாம் சொல்ல வரவில்லை. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதைத் தலைவிதி என்று விட்டுவிடாமல் பாடுபட்டு, 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியை 12 படுக்கைகளோடு ஆரம்பிக்கச் செய்தார். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணமாகிற புற்றுநோய்கள் எத்தனையோ இருக்கின்றன. நாம் பேசுவது அந்தக் கட்டம் தாண்டியவர்களைப் பற்றி.

தோழர்களே, பிறரைக் குறை சொல்லுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். நம் தமக்கையின் புருஷர் இந்த மேல்மலையில் பூண்டு பயிரிட்டுப் பிழைத்தவர். அவருக்கு உணவுக் குழாயில் புற்று. கண்டுபிடித்தபோதே ஈரலுக்குப் பரவிவிட்டது. டாக்டர் நம்மைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நாம் உள்ளே போய், "வெறும் புண்ணுதான் மச்சான், ஆறிப் போகும்" என்றோம். ஒரு நாள் அவர், "மாப்பிள்ளை, மேடையேறி உண்மை பேசுறவர் நீங்கதானே. எனக்கு என்ன வியாதின்னு நீங்களாவது சொல்லுங்க" என்று கேட்டார். ஊர் ஊராகப் போய்ப் பகுத்தறிவு பேசுகிற நாம், "புண்ணுதான்" என்று மறுபடியும் பொய் சொன்னோம். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டார்.

பிறகு நடந்ததென்ன? தோட்டத்தில் பாதியை விற்றோம். மலைப்பாதையில் கீழே கொண்டு போவதும் மேலே கொண்டு வருவதுமாக இருந்தோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் வாந்தி. கடைசி பதினொரு நாள் வாயிலும் மூக்கிலும் குழாய். பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நாம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோம். காரியமெல்லாம் முடிந்தபின் நம் தமக்கை சொன்னார்: "அவருக்கு ஆரம்பத்திலேயே தெரியும், தம்பி. தெரியும்னு தெரிஞ்சா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லாம இருந்தார். விதைப் பூண்டுக் கடனைத் தீர்க்கணும், வாசல் பேரிமரத்தடியிலே கட்டிலைப் போட்டுப் படுக்கணும், அவ்வளவுதான் கேட்டார்."

அந்த இரண்டு ஆசைக்கும் என்ன செலவு ஆகியிருக்கும்? நாம் அவருக்குப் பொய் சொன்னோம். அவர் நம் மனம் நோகாமலிருக்க அந்தப் பொய்யைச் சுமந்தார். இதற்குப் பெயர் அன்பாம்!

அதற்குப் பிறகு இப்படிப்பட்ட நோயாளிகள் பலரிடம் நாம் பேசியிருக்கிறோம். எல்லோரும் ஒரே மாதிரி நினைப்பதில்லை. சிலர் எல்லாவற்றையும் தெரிந்து கொள்ள விரும்புகிறார்கள். சிலர், "எனக்குச் சொல்ல வேண்டாம், என் பெரிய மகன் பார்த்துக் கொள்வான்" என்கிறார்கள். இதுவும் அவர்கள் தீர்மானந்தான். கட்டாயப்படுத்திச் சொல்வதும் பலாத்காரமே. சிலர், "கடைசி மூச்சு வரை எல்லா வைத்தியமும் செய்யுங்கள்" என்கிறார்கள். ஆனால் நம்மிடம் பேசியவர்களில் அநேகர் சாவைவிட வலிக்கும், பிள்ளைகளுக்குக் கடன் வைத்துப் போவதற்குமே அதிகமாகப் பயந்தார்கள். பெண்களோ, "என்னிடம் யார் கேட்டார்கள்?" என்றே சொன்னார்கள். கல்யாணத்துக்குக் கேட்கவில்லை, பிள்ளைப் பேற்றுக்குக் கேட்கவில்லை, சாவுக்கு மட்டும் கேட்பார்களா?

"சொன்னால் பயத்திலேயே செத்துப் போவாரே" என்பது நம்மவர்கள் சொல்லும் பெரிய ஆட்சேபணை. 2010-ல் அமெரிக்காவில் முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்கள் 151 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியாருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். மற்றவர்களுக்கு அதோடு, ஆரம்பத்திலிருந்தே வலியையும் மனக்கஷ்டத்தையும் தணித்து, இனி என்ன வேண்டும் என்று கலந்து பேசுகிற வைத்தியம். முதல் பகுதியாரில் பாதிப்பேர் 8.9 மாதம் தாண்டினார்கள். இரண்டாம் பகுதியாரில் பாதிப்பேர் 11.6 மாதம் தாண்டினார்கள். அவர்களுக்குக் கடைசி நேரத்துக் கடும் வைத்தியமும் குறைவு, மனச்சோர்வும் குறைவு. பேசியதால் செத்தார்களா, அதிக நாள் இருந்தார்களா? நீங்களே சொல்லுங்கள்.

பேசாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கிருக்கிறது. அதே நாட்டில் 2012-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், மருந்தேற்றிக் கொண்டிருந்த முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் 100-க்கு 69 பேரும், பெருங்குடல் புற்றுநோய்க்காரர்களில் 81 பேரும், அம்மருந்து தங்களைக் குணமாக்காது என்பதை உணர்ந்திருக்கவில்லை. படித்த நாட்டிலேயே அப்படியென்றால், பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கிளாவரையிலும் எப்படியிருக்கும்?

இங்கே இன்னொரு வேடிக்கை. கீழே பழனியில் நவபாஷாணச் சிலை. அதில் பட்ட சந்தனமும் பாலும் தீராத நோயைத் தீர்க்கும் என்கிறார்கள். நம்பிக்கையோடு வாங்கிச் சாப்பிடுகிற ஏழையை நாம் ஏசவில்லை. டாக்டர் உண்மையைச் சொல்லாமல், வீட்டார் உண்மையைச் சொல்லாமல், எல்லோரும் கைவிட்ட பிறகு அவன் எங்கே போவான்? செத்தபின் வைதரணி நதியைத் தாண்டப் பசு தானம் கொடுக்கிறோம். இல்லாத ஆற்றைத் தாண்ட ஏற்பாடு உண்டு. இருக்கிற ஆறு மாதத்தைத் தாண்ட ஏற்பாடில்லை!

ஏற்பாடு செய்யச் சட்டம் இடங்கொடுக்கிறது. மானத்தோடு சாவதும் மனிதனின் உரிமை என்று நம் சுப்ரீம் கோர்ட் 2018 மார்ச் 9-ல் தீர்ப்புச் சொல்லியது. அதிலிருந்த சிக்கலான முறைகளை 2023 ஜனவரி 24-ல் இலேசாக்கியது. வயது வந்து, புத்தி தெளிவாயிருக்கிற எவரும், "நான் பேச முடியாத நிலை வந்து, பிழைக்கும் நம்பிக்கையும் இல்லையானால், இன்ன இன்ன வைத்தியம் வேண்டாம், என் சார்பில் இன்னார் பேசட்டும்" என்று எழுதி வைக்கலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்துப் போட்டு, நோட்டரியோ கெஜட் பதவி அதிகாரியோ உறுதி செய்தால் போதும். அந்த நிலை வந்தால் டாக்டர்கள் கொண்ட இரண்டு குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து ஒப்ப வேண்டும். எழுதியவர் மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் எழுத்து மூலம் மாற்றலாம். இது ஊசி போட்டுக் கொல்வதல்ல. அதற்குச் சட்டத்தில் இடமில்லை. பயனற்ற உபத்திரவத்தை நிறுத்துவதுதான்.

வைத்தியத்தை நிறுத்தினால் நோயாளியைக் கைவிடுவது என்று அர்த்தமல்ல. வலிக்கு மருந்துண்டு. மார்பினை வாய்வழியாக, வேளை தவறாமல், வலிக்குத் தக்கபடி கொடுக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் 1986-லேயே வெளியிட்டது. அந்த மருந்துக்கு வேண்டிய அபின் நம் நாட்டிலேயே சர்க்கார் லைசென்சில் விளைகிறது. ஆனால் 1985-ல் வந்த போதைப் பொருள் சட்டத்தின் கெடுபிடியால் அது நோயாளிக்கு எட்டாமற் போய், 2014-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். இம்மலைக்கு மேற்கே கேரளத்தில், 1993-ல் கோழிக்கோட்டில் ஆரம்பித்த வேலை, அக்கம்பக்கத்தாரே பயிற்சி பெற்று நோயாளியின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் இயக்கமாக வளர்ந்திருக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து நோய் ஆதரவுச் சிகிச்சை செய்வதும் சேர்ந்தது. அது கடைசி மலைக் கிராமம் வரை ஒழுங்காக வருகிறதா என்று கேட்க வேண்டியது உங்கள் வேலை. வராவிட்டால் சண்டை போட்டு வாங்க வேண்டியதும் உங்கள் வேலை.

கடைசியாக ஒன்று. நாளைக்கே எல்லோரும் பத்திரம் எழுதுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வீட்டில் நோயாளி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து, "உங்களுக்கு எவ்வளவு தெரிந்து கொள்ள ஆசை? எதற்குப் பயப்படுகிறீர்கள்? எங்கே இருக்கப் பிரியம்?" என்று கேளுங்கள். பதில் உங்களுக்குப் பிடிக்காததாயிருந்தாலும் கேட்டுக் கொள்ளுங்கள். நாம் கேட்கவில்லை. வாசலில் அந்தப் பேரிமரம் இன்னும் காய்க்கிறது. அதன் கீழ் கட்டில் போடுவதற்கு ஆளில்லை.

நாம் சொன்னதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக் கொண்டு முடித்துக் கொள்ளுகிறோம்.