போர்வெல் பிட்டுக்கு ஒரு ஸ்பீடோமீட்டர்

போன மாசம் ஜவ்வாது மலைக்குப் போயிருந்தேன். வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம், காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் பக்கம். காவலூர்னு சொன்னதும் உங்களுக்கு டெலஸ்கோப் ஞாபகம் வரும். ஆனா எனக்கு அங்கே வேலை தரைக்குக் கீழே.

என் ஃப்ரெண்டோட மாமா ஒருத்தர் ரிக் வண்டி வச்சிருக்கார். ஊர் திருச்செங்கோடு. போர்வெல் தொழில்ல இருக்கறவங்களுக்கு இந்த ஊரைப் பத்தி நான் சொல்லத் தேவையில்லை. அவர் கேட்டார்: "தம்பி, மலைப் பக்கம் போனா பிட்டு சீக்கிரம் தேஞ்சு போகுது. உங்க கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ண முடியுமா?"

வீட்டுச் சுவர்ல ஓட்டை போடற மாதிரி பிட்டு குடைஞ்சுக்கிட்டே போகும்னுதான் நான் நினைச்சிருந்தேன். தப்பு. கருங்கல்லை அடிச்சுத்தான் நொறுக்கணும். ராடோட அடி நுனியில ஹேமர் இருக்கு. கம்ப்ரசர்ல இருந்து வர்ற காத்து அதுக்குள்ள இருக்கற பிஸ்டனை நிமிஷத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல அடிக்க வைக்குது. பிட்டோட முகத்துல இருக்கற டங்ஸ்டன் கார்பைடு பட்டன்கள்தான் பாறையை உடைக்குது. உடைஞ்ச தூளை அதே காத்து மேலே தள்ளிடும்.

அப்போ பிட்டு எதுக்கு சுத்துது? ஒவ்வொரு அடியும் புது இடத்துல விழறதுக்கு. ரொம்ப மெதுவா சுத்தினா அடிச்ச குழியிலேயே திரும்ப அடிக்கும். ரொம்ப வேகமா சுத்தினா பட்டன் பாறையில உரசித் தேயும், முக்கியமா வெளி வரிசை பட்டன்.

இதுக்கு ஒரு எளிய கணக்கு இருக்கு. ஒரு சுத்துக்கு சுமார் 1 சென்டிமீட்டர் இறங்கணும். 20 அடி ராடு 15 நிமிஷத்துல இறங்குதுன்னா, நிமிஷத்துக்கு 40 சுத்து போதும். கடினமான பாறை வந்து அதே ராடு 30 நிமிஷம் எடுத்தா, 20 சுத்துக்குக் குறைக்கணும். நம்ம கை என்ன செய்யும்? மெதுவா போகுதேன்னு இன்னும் சுத்த விடும், இன்னும் அழுத்தும். பிட்டு அங்கேதான் வீணாகுது.

ஜவ்வாது மலையில சார்னோக்கைட், நைஸ் மாதிரி பாறைகள். சென்னைக்காரங்களுக்கு சார்னோக்கைட் புதுசு இல்ல, பல்லாவரம் மலையில இருக்கறதும் அதுதான். கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்கோட கல்லறைக் கல்லை ஆராய்ஞ்சு 1893-ல தாமஸ் ஹாலண்ட் கட்டுரை எழுதினார். அந்தக் கல்லுக்கு சார்னாக் பேரையே வச்சவரும் அவர்தான்.

பிட்டு தேஞ்சா பிட்டு விலை மட்டும்தான் நஷ்டம்னு நினைக்காதீங்க. வெளி வரிசை தேயத் தேய போரோட அகலமும் குறையும். பாதியில புது பிட்டை மாத்தினா, அது அந்தக் குறுகின இடத்துல சிக்கிக்கும். ஹேமர் உள்ளேயே மாட்டினா போரே போச்சு. சாமை விதைக்கற ஒருத்தர் கடன் வாங்கி அடிக்கு இவ்வளவுன்னு காசு கட்டியிருப்பார்.

சரி, நான் என்ன பண்ணேன்? ஃபீட் செயின் சுத்தற பல்சக்கரத்துல ஒரு என்கோடர், ராடு சுத்தறதை எண்ண ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார், காத்துக் குழாயில ஒரு பிரஷர் சென்சார், எல்லாத்துக்கும் ஒரு ஈ.எஸ்.பி.32 போர்டு. எவ்வளவு இறங்குச்சு, எவ்வளவு நேரம் ஆச்சு, அவ்வளவுதான் கோடு.

முதல் நாளே சொதப்பல். ராடு மாத்த நிறுத்தினதைக்கூட என் கோடு "வேகம் குறையுது"ன்னு கத்துச்சு. அப்புறம் காத்து ஓடும்போது மட்டும் கணக்கு எடுக்கற மாதிரி மாத்தினேன்.

ரிக்கை ஓட்டற அண்ணன் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு கேட்டார்: "தம்பி, இது பிட்டைப் பாக்கறதா, என்னைப் பாக்கறதா?"

எனக்கு பதில் வரல. ஏன்னா மாமா என்கிட்ட கேட்டிருந்தது, எல்லாம் அவரோட போனுக்கு லைவா வரணும்னு.

போர் ஓட ஆரம்பிச்சது. ஒரு இடத்துல சத்தம் மாறுச்சு. எனக்கு ஒண்ணும் தெரியல. என் ஸ்க்ரீன்ல நம்பர் இறங்கறதுக்கு முன்னாடியே அண்ணன் சுத்தறதைக் குறைச்சிட்டார். அப்போ சென்சார் எதுக்குன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு.

ஆனா அடுத்த மூணு ராடுல வேற ஒண்ணு நடந்தது. சத்தம் அதே மாதிரி. வெளியே வர்ற தூள் நிறமும் அதேதான். வேகம் மட்டும் ராடுக்கு ராடு கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுது. திடீர்னு வர்ற மாற்றத்தைக் காது பிடிச்சிடும். மெதுவா வர்றதைப் பிடிக்கறது கஷ்டம், ராத்திரி ரெண்டு மணிக்கு இன்னும் கஷ்டம். போருக்குள்ள தண்ணி ஏறினாலும் வேகம் குறையும், ஆனா அங்கே இன்னும் தண்ணி வரல. அண்ணன் நம்பரைப் பார்த்தார், கொஞ்சம் யோசிச்சார், பிட்டை மேலே எடுத்தார். பட்டனோட தலை தட்டையாகியிருந்தது. தட்டையான இடம் பட்டன் விட்டத்துல மூணுல ஒரு பங்கு ஆறதுக்குள்ள சாணை பிடிக்கணும்னு ஒரு கணக்கு உண்டு. கிட்டத்தட்ட அங்கே வந்திருந்தோம். சாணை பிடிச்சு அதே பிட்டை இறக்கினார்.

ஒரே ஒரு போரை வச்சு இத்தனை சதவீதம் மிச்சம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுது. இந்த நம்பர் ஆபரேட்டர் கண்ணு முன்னாடி இருந்தா, எப்போ மெதுவா போகணும்னு சொல்லும். அதே நம்பர் ஓனர் போன்ல மட்டும் இருந்தா, "ஏன் மெதுவா போறே?"ன்னு கால் வரும். கால் வந்தா அவர் அழுத்துவார். பிட்டு இன்னும் சீக்கிரம் தேயும்.

மாமாகிட்ட இதைச் சொன்னேன். முதல்ல முறைச்சார். கடைசியா இப்படி முடிவாச்சு: ஸ்க்ரீன் ஆபரேட்டர் பக்கத்துல. ஓனருக்கு போர் முடிஞ்சப்புறம் பிட்டு எத்தனை அடி ஓடுச்சு, எப்போ சாணை பிடிச்சாங்கங்கற கணக்கு மட்டும்.

கிளம்பும்போது அண்ணன்கிட்ட சொன்னேன், "பிட்டைத்தான் பாக்குது அண்ணா." சிரிச்சார். "அப்போ அந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசாக்கு தம்பி. தூசியில தெரியல."

அதான் இந்த வார வேலை. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.