கண்டெடுத்தவரும் உடையவரும்



ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிராங்கூன் சாலையில் கால் வைக்க இடமிராது. அந்நெரிசலில் ஒருவர் காலில் பணப்பை ஒன்று தட்டுப்படுகிறது என்று கொள்வோம். உள்ளே ஒரு வேலை அனுமதி அட்டை. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த சம்பளப் பணம். “திருடவில்லையே, கிடந்ததைத்தானே எடுத்தேன்” என்று மனம் சமாதானம் சொல்லும்.

சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டத்தின் 403ஆம் பிரிவு அச்சமாதானத்தை ஏற்பதில்லை. உடையவரிடம் சேர்ப்பிக்கும் நோக்குடன் எடுப்பது குற்றமன்று. உடையவரை அறிந்தும், அல்லது அறிய வழியிருந்தும் தேடாமல், தனதாக்கிக் கொள்வது குற்றம். விலையுயர்ந்த மோதிரத்தைக் கண்டெடுத்து, உரியவரைத் தேடாமல் உடனே விற்றுவிடுபவனையே அச்சட்டம் எடுத்துக்காட்டாகக் கூறுகிறது.

உடையவர் வாய் திறந்து கேட்க இயலாதவராயின் என்ன செய்வது?

1976ஆம் ஆண்டில், தஞ்சை மாவட்டமாக அன்று இருந்த பகுதியிலுள்ள பத்தூரில், சிதைந்து கிடந்த சிவன் கோயிலருகே மண்ணைத் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்கு உலோகத் திருமேனிகள் கிடைத்தன. நடராசர் திருமேனியை அவர் விற்றுவிட்டார். அவரையாவது வறுமை தூண்டியிருக்கலாம். பின்னர் கைமாற்றி இலாபம் கண்டவர்களுக்கு அக்காரணமும் இல்லை. 1982இல் இலண்டனில் ஒரு விற்பனையாளர் பொய்யான பூர்வீகம் காட்டி, கனடிய நிறுவனமொன்றுக்கு அதை விற்றார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் செப்பனிடும் பணிக்காக இருந்தபோது காவல்துறை அதனைக் கைப்பற்றியது.

வழக்கில் இந்திய அரசும் தமிழக அரசும் மட்டுமல்ல, கோயிலும் அங்கிருந்த சிவலிங்கமுமே உரிமை கோரின. பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளின் மண்ணும் கறையான் தடங்களுங்கூடச் சான்றுகளாக ஆராயப்பட்டன. நிறுவனம் நல்லெண்ணத்துடனேயே வாங்கியது. எனினும் உரிமை கோயிலுக்கே என்று தீர்ப்பாயிற்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் நிலம் ஈந்து கோயில் எடுப்பித்தவரின் அறநோக்கம் இன்னும் அழியவில்லை, அதன் வடிவமே அச்சிவலிங்கம் என்று ஆங்கிலேய நீதிபதி கண்டது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதிசெய்ய, ஆடவல்லான் அவ்வாண்டே தாயகம் திரும்பினார்.

விலை கொடுத்து வாங்கியவருக்கும் இதே கடமை உண்டு என்பதைச் சிங்கப்பூரும் கண்டது. இங்குள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம் 2007இல் 650,000 அமெரிக்க டாலருக்கு உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனியை நியூயார்க் வணிகரிடமிருந்து வாங்கியது. அரியலூர் மாவட்டத்துச் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து களவு போனது அது என்பது பின்னரே வெளிப்பட்டது. “பணம் கொடுத்தோம், வைத்துக்கொள்வோம்” என்று அரும்பொருளகம் வாதிடவில்லை. 2015இல் அம்மை இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டாள்.