ராப்பா நூயித் தீவு மக்கள்



சிலி நாட்டுக் கரையிலிருந்து ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் மேற்கே, பசிபிக் மாகடலின் நடுவே, 163 சதுர கிலோமீட்டர் பரப்புடைய ஒரு தீவு உளது. டச்சு மாலுமி ரொக்கவேன் 1722ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளன்று அதனைக் கண்டமையால், நம் பாடநூல்களில் அது ஈஸ்டர் தீவாயிற்று. அங்குள்ள மக்கள் அதனை ராப்பா நூயி என்பர். நாமும் அவ்வாறே கூறுவோம்.

இம்மக்கள் பாலினீசியர். சற்றேறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன், மேற்கிலுள்ள தீவுகளிலிருந்து பாய்மரத் தோணிகளில் வந்து குடியேறியோர். ஹோட்டு மட்டுவா என்னும் தலைவன் அனக்கேனாக் கடற்கரையில் இறங்கினான் என்பது அவர்தம் மரபு. சேப்பங்கிழங்கும் வாழையும் கரும்பும் கோழியும் அவர்களுடன் வந்தன.

அத்தீவின் கற்சிலைகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவற்றை மோவாய் என்பர். நம் மொழிச் சொல்லோடு ஒலி ஒத்திருப்பது தற்செயலே, உறவு தேட வேண்டா! ஏறத்தாழ ஆயிரம் சிலைகள் உள்ளன. பெரும்பாலானவை ரானோ ரராக்கு என்னும் எரிமலையின் கல்லில் வடித்தவை. முன்னோர் உருவங்களாதலின், கடற்கரைச் சிலைகள் பலவும் கடலுக்கு முதுகு காட்டி ஊரை நோக்கி நின்றன. சிலைகள் நடந்து வந்தன என்பது தீவினர் வழக்கு. 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு டன்னுக்கு மேற்பட்ட மாதிரிச் சிலையொன்றைப் பதினெண்மர் மூன்று கயிறுகளால் இருபுறமும் அசைத்து, நின்ற நிலையிலேயே நகர்த்திக் காட்டினர்.

ஆசிரியப் பணியில் இருந்தபோது நான், "சிலைகளுக்காக மரங்களையெல்லாம் வெட்டி, பசியால் போரிட்டு, அம்மக்கள் தம்மைத் தாமே அழித்துக்கொண்டனர்" என்று பல ஆண்டுகள் பாடம் சொன்னேன். அது பிழை. அன்று கேட்டவர்களை இனி எங்கே தேடுவேன்? உங்களுக்கேனும் திருத்திச் சொல்கிறேன்.

பனையினக் காடு அழிந்தது மெய்யே. மனிதர் வெட்டினர், தோணிகளில் வந்த எலிகளும் விதைகளைத் தின்றன. ஆயினும் மக்கள் மடியவில்லை. நிலத்தின்மேல் கற்களைப் பரப்பி ஈரம் காத்தனர்; வட்டமாகக் கற்சுவர் எழுப்பிக் காற்றைத் தடுத்துப் பயிர் வளர்த்தனர். பண்டைத் தீவினர் பதினைவரின் எலும்புகளிலிருந்து மரபணுவை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவு, பதினேழாம் நூற்றாண்டில் மக்கட்தொகை வீழ்ச்சியுறவில்லை என்கிறது. ஐரோப்பியர் வருமுன்னரே அவர்கள் தென் அமெரிக்கப் பழங்குடியினருடன் கலந்தனர் என்பதும் அதனால் தெரிகிறது. அக்கண்டத்துச் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தீவில் விளைந்தமை முன்பே அறிந்ததுதான்.

பேரழிவு வெளியிலிருந்து வந்தது. 1862இல் பெரு நாட்டிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பிடித்துச் சென்றன. கண்டனம் எழவே, எஞ்சியவரைத் திருப்பி அனுப்பினர். கரை சேர்ந்த சிலருடன் பெரியம்மையும் இறங்கியது. 1877இல் தீவில் எஞ்சியோர் 111 பேர். 1888இல் சிலி தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நிலம் ஆட்டுப் பண்ணையாயிற்று. உரியவர்கள் ஹங்கா ரோவா என்னும் ஒரே ஊருக்குள் அடைபட்டனர். முழுக் குடியுரிமை 1966இல்தான் கிடைத்தது.

கப்பலேற்றப்பட்டோருள் எழுத்தறிந்தோரும் இருந்தனர். ரொங்கொரொங்கோ என்னும் அவ்வெழுத்து பொறித்த மரத்துண்டுகள் இருபத்தைந்தளவே எஞ்சி, அயல்நாட்டுக் காட்சிச்சாலைகளில் உள்ளன. ஒரு வரி முடிந்ததும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி அடுத்த வரியைப் படிக்கவேண்டும் என்பது வரை கண்டறிந்துள்ளனர். அவ்வரிகள் கூறுவது என்ன என்பதைப் படிப்பார் இன்று எவருமிலர்.